டிவியில் வந்த டாக்டரம்மா

என் அன்பான அப்பாவுக்கு,

நீங்கள் தாத்தா ஆகிவிட்டீர்கள். பேத்தி. நேற்றுதான் குப்புற விழுந்தாள். தலையைத் தூக்கி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

நீங்கள் போன பிறகு சிவகாசியில் ஒரு புதுமை வந்திருக்கிறது. நான் மாசமானதும் போய்க் காட்டிய ஆஸ்பத்திரியில் ஓர் அறையில் டிவியும் கேமராவும் வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமைதோறும் மதுரையிலிருந்து பிரசவ டாக்டரம்மா அதில் வருவார். நாம் இங்கே பேசினால் அவருக்கு அங்கே கேட்கும். காலண்டர் சீசன் நேரத்தில் திருத்தங்கல் அச்சாபீசை விட்டுவிட்டு மதுரைக்கு அலைய உங்கள் மருமகனால் முடியாது. சரி, பார்க்கலாம் என்று போனோம்.

முதல் நாள் அம்மா கதவோரமே நின்றுகொண்டாள். "செல்வி, நாம அந்தம்மாவுக்குத் தெரியுறோமா?" என்று என் காதில் கேட்டாள். "தெரியுதும்மா, உள்ள வந்து உக்காருங்க" என்று டிவியிலிருந்து பதில் வந்தது. அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உங்கள் மருமகன் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார்.

எனக்குச் சிரிப்பு வந்ததே தவிர, மனசு ஒட்டவில்லை. நர்ஸ் தொட்டுப் பார்த்துச் சொல்வாள், டாக்டரம்மா கேட்டுக்கொள்வார். தன் கையை வைத்துப் பார்க்காமல் பிள்ளை எப்படி இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்க நினைத்ததையெல்லாம் கேமரா முன்னால் கேட்கக் கூச்சம். "நல்லாருக்கேன் டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

எட்டாம் மாதமும் அப்படித்தான் சொன்னேன். பின்னால் நின்ற உங்கள் மருமகன் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "இவ எப்பவும் நல்லாருக்கேன்னுதான் சொல்லுவா டாக்டர். தலைவலின்னு படுத்தே கெடக்கா. விரல் வீங்கி, மோதிரத்தைக்கூட சோப்புப் போட்டுத்தான் கழட்டுனோம்."

டாக்டரம்மா என்னைக் கேமராவுக்குப் பக்கத்தில் வரச் சொன்னார். என் முகத்தையே பார்த்தார். நர்ஸ் பிரஷர் பார்த்து, கூடியிருக்கிறது என்று சொன்னதும், "வீட்டுக்குப் போக வேண்டாம். நேரா இங்க வாங்க, நான் இருக்கேன்" என்றார்.

கார் பிடித்து மதுரைக்குப் போனோம். வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை. சொன்னபடி அவர் இருந்தார். என் தோளுயரம்தான். அம்மா, "டிவியில பெருசா இருந்தீகளே" என்று சொல்லியேவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே என் வயிற்றில் கை வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை மாதமும் அந்தக் கைக்குத்தான் ஏங்கியிருந்தேன். ஆனால் டிவியில் அவர் வந்திருக்காவிட்டால், நான் அந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்திருப்பேனா?

பிள்ளை கொஞ்சம் முந்திப் பிறந்து, எடை குறைவாக இருந்து, இப்போது தேறிவிட்டாள். இப்போதும் அந்த அறைக்குப் போகிறோம். "தூக்கிக் காட்டுங்க" என்று டாக்டரம்மா குரல் கேட்டால் பால் குடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். அம்மாவோ நம் எம். புதுப்பட்டியில் மாசமாயிருக்கிற பெண்களிடமெல்லாம், "கூச்சப்படாதீக, எல்லாத்தையும் சொல்லுங்க, அந்தம்மாவுக்கு நல்லாக் கேக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

உங்கள் நெஞ்சுவலியை நீங்கள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை அப்பா. எங்களிடமாவது சொல்லியிருக்கலாமே? உங்கள் பேத்தியை, எங்கே வலித்தாலும் வாய்விட்டுச் சொல்கிற பிள்ளையாக வளர்ப்பேன். நானும் இனிமேல் சொல்வேன்.

உங்களை மாதிரியே இருக்கிறாள் என்று எல்லாரும் சொல்லும் பேத்தியின் அம்மா,
உங்கள் மகள் செல்வி