வைக்கோல் போரும் ஒரு வண்டித் தண்ணீரும்

மானாம்பதி
9.2.2025

அக்கினிக்கே அக்காவான என் அக்கா சசிரேகாவுக்கு,

இளவரசி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் கருகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

போனை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிடம் தருகிற பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது என்றால் என் வகுப்பில் ஒருத்தியும் நம்பவில்லை. அந்தப் பத்தில் ஒன்பதை அம்மா எடுத்துக்கொள்கிறாள். மீதி ஒன்றில் நைனா "சாப்ட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுகிறார். ஆகவே பிளஸ் ஒன் ரெக்கார்டு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து இதை எழுதுகிறேன். கெமிஸ்ட்ரி மிஸ் கேட்டால் தீயணைப்புத் துறை எடுத்துக்கொண்டது என்று சொல்லிவிடுவேன்.

சீருடையில் நீ நிற்கிற போட்டோவை நைனா பால் சொசைட்டி, சலூன், உரக்கடை என்று ஓர் இடம் விடாமல் காட்டிவிட்டார். "எம்பொண்ணு ஆபீசரு. நெருப்பு அவளப் பாத்தாலே அணைஞ்சிடும்" என்கிறார். நான் திருத்தினேன். உத்திரமேரூர் துணிக்கடையில் நீ ஒரு சுடிதார் எடுப்பதற்குள் கடைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார் அல்லவா? அதேபோல நீ யோசித்து முடிப்பதற்குள் நெருப்பே அலுத்துப்போய்த் தானாக அணைந்துவிடும் என்றேன். எட்டி நின்று சொன்னதால் தப்பித்தேன்.

இப்படிக்கு,
அணைப்புடன் (தீ கலக்காத சுத்தமான அணைப்பு),
இளவரசி


பயிற்சி மைய விடுதி
15.2.2025

அன்புள்ள வாயாடிக்கு,

நீ வேடிக்கையாக எழுதினாய். இங்கே அது நிஜமாகவே நடந்துவிட்டது.

எங்களுக்கு முடிவெடுக்கும் வகுப்பு ஒன்று உண்டு. பெரிய மேசையில் மணலைக் கொட்டி, அட்டை வீடுகள் வைத்து, ஒரு கிராமம் கட்டியிருப்பார்கள். எங்கே தீ, காற்று எந்தப் பக்கம், வண்டியில் எவ்வளவு தண்ணீர் என்று செந்தமிழன் சார் சொல்வார். நாம் அதிகாரியாக நின்று கட்டளை கொடுக்க வேண்டும். மற்ற பயிற்சியாளர்கள் ஊர்ஜனங்களாக மாறிச் சுற்றி நின்று கத்துவார்கள்.

என் முறை வந்தது. ஒருத்தன் "இங்க" என்றான், அங்கே திருப்பினேன். இன்னொருத்தி "ஐயோ அங்க" என்றாள், அங்கேயும் திருப்பினேன். ஒரு நிமிடத்தில் மூன்று பக்கம் ஓடினேன். தண்ணீர் தீர்ந்தது. ஊர் மொத்தமும் எரிந்துவிட்டதாகச் சார் அறிவித்தார். கோயிலுக்காக வைத்திருந்த தன் மூக்குக்கண்ணாடிக் கூடும் எரிந்துவிட்டதாம். அதற்கு வருத்தம் தெரிவித்து எழுதித் தரச் சொன்னார்.

தீயைப் பார்த்து எனக்குப் பயமில்லை, குட்டி. ஆட்கள் கத்தினால்தான் எனக்கு மூளை நின்றுவிடுகிறது. மறுதேர்வு இந்த மாதக் கடைசியில். நைனாவிடம் சொல்லாதே.

அக்கா,
சசிரேகா


மானாம்பதி
20.2.2025

ஊரையே எரித்த உத்தமிக்கு,

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது ஊர் எரிந்த பத்தியைத் தாண்டிவிட்டேன். நீ கோயிலுக்குப் போனதாகப் புரிந்துகொண்டு சந்தோஷப்பட்டாள்.

உன் வகுப்புத் தோழர்கள் படித்தவர்கள், மரியாதையாகக் கத்துவார்கள். நம் ஊர் எப்படிக் கத்தும் என்பது எனக்குத்தான் தெரியும். ஆகவே தபாலில் ஒரு தீ அனுப்புகிறேன். பார்த்துப் பிரி.

காலை ஒன்பதே முக்கால். பஸ் நிறுத்தம், வீராசாமி மாமா டீக்கடை. ஓலைக் கூரையில் புகை. வண்டியிலிருந்து இறங்குகிறாய். பவளம் அத்தை உன் கையைப் பிடித்து இழுக்கிறாள்: "அந்தாண்ட அடிம்மா, என் ரேஷன் கார்டு உள்ள கீது." முன்னாள் வார்டு மெம்பர் வேதாசலம் உன்னை மறித்துக்கொண்டு, முன்பக்கம் அடி என்கிறார், காரணம் கேட்டால் தான் மெம்பராக இருந்ததைச் சொல்கிறார். இரண்டு பேர் உதவுகிறேன் என்று உன் ஓஸ் பைப்பைப் பிடுங்குகிறார்கள். ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டே உன்னைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்கிறான். வீராசாமி மாமா மட்டும் வாயே திறக்காமல் ஓரமாக நிற்கிறார்.

பத்து எண்ணுவதற்குள் உன் கட்டளை என்ன? விடை பார்க்கத் தாளைத் திருப்பாதே. திருப்பினாலும் பின்பக்கம் ஒன்றும் கிடையாது. உன்னை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தபால் வழித் தீவைப்பாளர்,
இளவரசி


பயிற்சி மைய விடுதி
1.3.2025

நாசமாய்ப் போகிறவளே,

தாளைத் திருப்பினேன்.

என் விடை: யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன். கடையை முதலில் ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். பிறகு வீராசாமி மாமாவிடம் போய், சிலிண்டர் எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். கத்துகிறவர்களுக்கு அவரவர் பொருள்தான் தெரியும். கடையைத் தெரிந்தவர் அவர்.

உன் கடிதத்தைச் செந்தமிழன் சார் வாங்கிப் படித்துவிட்டு, வகுப்பிலேயே சிரித்தார். "இந்தப் பெண் எங்கள் துறைக்கு வரவே கூடாது, ஆனால் இன்னும் நான்கு தீ அனுப்பச் சொல்லுங்கள்" என்றார்.

மறுதேர்வில் தேறிவிட்டேன். ஒரு மாதக் களப்பயிற்சிக்கு நம் உத்திரமேரூர் நிலையத்துக்கே போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை வருகிறேன். நைனாவிடம் நீயே சொல்.

சசிரேகா


மானாம்பதி
2.4.2025

அக்கா,

களப்பயிற்சி முடிந்து நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியபோது நைனா கொல்லையில் இருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாகச் சொன்னார். மாடு அதற்கு முன்பே குடித்து முடித்திருந்தது.

அன்றைக்கு நடந்ததை நீ வண்டிப் பக்கமிருந்து பார்த்தாய். ஊர் அதை எப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று கேள். பிற்பகல் இரண்டு மணி, மும்முனைக் கரண்ட் இல்லாததால் பம்புசெட் ஓடவில்லை, பஞ்சாட்சரத்தின் (அதாவது நம் நைனாவின்) வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. வண்டி வந்தது. பார்த்தால் அதிகாரி அவருடைய மகள். ஊரே மூச்சு விட்டது. மகள் இறங்கினாள், நிலைய அலுவலர் அவளிடமே பொறுப்பைக் கொடுத்தார், அவள் போரைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். பவளம் அத்தை, "இன்னாடி இது, எரியறத வலம் வந்துக்கினு கீறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுற்றி முடித்ததும் மொத்தத் தண்ணீரையும் கிழக்கே இருந்த குமரேசன் கூரைமேல் அடித்தாள். அப்பன் போர் சாம்பல்.

அதுவும் எந்தக் குமரேசன்? நம் பக்கம் சாய்ந்த தென்னை மரத்துக்காக நைனா மூன்று வருடமாக முகம் பார்க்காத குமரேசன். பால் சொசைட்டியில் வேதாசலம், "மாட்டுக்குத் தீனி போச்சு, குமரேசன் கூரைக்குக் குளியல் ஆச்சு" என்றாராம். நைனா அன்று பால் ஊற்றாமலே திரும்பிவிட்டார்.

இப்போது கெட்ட செய்தி. நைனா உன்மேல் மனு போட்டிருக்கிறார். எழுதியது நான். வேறு யார் எழுதுவார்கள், அவர் கையெழுத்தை மாடுகூட மேயாது. அவர் சொல்வார், நான் சர்க்கார் தமிழில் மாற்றுவேன். "என் போர்ல ஒரு சொட்டு ஊத்தல" என்றார்; "துளி நீரும் பாய்ச்சப்படவில்லை" என்று எழுதினேன். அதுவரை எனக்குக்கூடச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு, "அந்த ஆபீசருக்கும் எனக்கும் ஒரு சம்மந்தமும் இல்லன்னு எழுது" என்றார். பிழை வந்துவிட்டது என்று பொய் சொல்லித் தாளைக் கிழித்தேன். அடுத்த தாளிலும் அதையே சொன்னார்.

எழுதிவிட்டேன் அக்கா.

இளவரசி


பயிற்சி மைய விடுதி
8.4.2025

அன்புள்ள இளவரசிக்கு,

மனு இங்கே வந்து சேர்ந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். உன்மேல் கோபமில்லை. உன் "பாய்ச்சப்படவில்லை"யில் ஒற்று சரியாக இருந்தது.

இந்த மாதம் 21ஆம் தேதி விசாரணை. நைனாவும் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். நான் செய்தது தவறு என்று முடிவானால் அடுத்த அணியோடு மறுபடி முதலிலிருந்து பயிற்சி. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நைனாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன், ஒரு வரி பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடத்தில் பத்தும் அம்மாதான் பேசுகிறாள்.

அன்றைக்கு அவர் என் முன்னால் வந்து நின்று, "நான் பெத்த பொண்ணு நீ, இங்க அடி" என்றார். ஊரே கத்தியபோது ஒன்றும் ஆகவில்லை. அவர் ஒருத்தர் சொன்னபோதுதான் போரில் அடிக்கச் சொல்லி வாயெடுத்துவிட்டேன். ஆனால் சுற்றி வந்தபோது பார்த்துவிட்டேன். பொறி கிழக்கே பறக்கிறது, குமரேசன் கூரை, உள்ளே சிலிண்டர், அதற்கப்புறம் வரிசையாக ஆறு கூரை. வண்டியில் சில நிமிடத் தண்ணீர்தான். போரில் எவ்வளவு ஊற்றினாலும் மேலே வழிந்து ஓடும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அதை இழுத்துப் பிரிக்க மணிக்கணக்காகும்.

செந்தமிழன் சார் என் தீயை அப்படியே மணல் மேசையில் வைத்தார். பதினான்கு பேர் செய்து பார்த்தார்கள். பதினோரு பேர் போரில் ஊற்றிவிட்டு வீடுகளை எரியவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. அவர்கள் யாருக்கும் அது அப்பாவின் போர் இல்லையே.

சசிரேகா


மானாம்பதி
16.4.2025

என் அன்பு அக்காவுக்கு,

முதலில் ஒரு அறிவிப்பு. அம்மா என்னைத் துடைப்பத்தால் அடித்தது இந்தக் கடிதத்தோடு சம்பந்தப்பட்டது. எனவே செலவு உன் கணக்கில்.

உன் மணல் மேசையைப் படித்ததும் கொல்லையில் கிடந்த மணலைப் பரப்பினேன். கொட்டாயில் மிச்சமிருந்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்து ஒரு சாண் உயரத்துக்குப் போர் வைத்தேன். கிழக்கே குமரேசன் வீடு, அட்டைப்பெட்டி, ஓலைக் கூரையுடன். அதற்குப் பின்னால் ஆறு தீப்பெட்டி. காற்றுக்கு, மேற்கே ஏரிக்கரைப் பக்கம் டேபிள் ஃபேன். வண்டிக்கு ஒரு சொம்புத் தண்ணீர். ஓரமாக இரண்டு வாளி, அது எனக்கு, நான் பொறுப்புள்ள குறும்புக்காரி.

நைனா வந்தார். "இருக்கிறதே ரெண்டு கட்டு, அதயும் கொளுத்திக்கினு கீறியா?" என்று கையை ஓங்கினார். அக்கா செய்தது தப்பு என்று விசாரணையில் நிரூபிக்க ஆதாரம் தயார் செய்கிறேன் என்றேன். கை இறங்கியது. வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் தடவை சொம்பு மொத்தத்தையும் போர்மேல் கவிழ்த்தார். மேலே நனைந்தது. வெற்றியோடு என்னைப் பார்த்தார். அதற்குள் உள்ளிருந்து புகைந்து, ஒரு பொறி பறந்து, குமரேசன் கூரை போயிற்று. ஃபேன் வேகம் அதிகம் என்றார். குறைத்தேன். இரண்டாம் தடவை பாதி இங்கே, பாதி அங்கே. இரண்டும் போயிற்று. மூன்றாம் தடவை குச்சியால் போரைப் பிரித்தார். எரிகிற வைக்கோல் எழும்பிப் போய் ஏழு வீடும் காலி.

அப்போதுதான் வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. மூன்று வருடத்துக்குப் பிறகு குமரேசன் நைனாவிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "யோவ் பஞ்சாட்சரம், இன்னும் எத்தினி தபாய்யா என் வூட்டக் கொளுத்துவ?"

நைனா சாம்பலை ஒதுக்கிவிட்டு ஏழு வீட்டையும் புதிதாக வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன், தேதி குறித்து வை. நான்காவது போரை அவரே அடுக்கினார். அவரே பற்ற வைத்தார். போர்ப்பக்கம் ஒரு சொட்டு விடவில்லை. சொம்பில் விரல் நனைத்து நனைத்துக் குமரேசன் கூரைமேல் தெளித்துக்கொண்டே இருந்தார். போர் நின்று எரிந்து சாம்பலாகும்வரை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு நின்றது. ஏழும் நின்றன. குமரேசன் தலை வேலிக்குக் கீழே இறங்கியது.

அப்புறம்தான் அம்மா வந்தாள், துடைப்பம் வந்தது. அதை விடு.

சாயங்காலம் நைனா தாளும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார். மனுவை வாபஸ் வாங்குகிறீர்களா என்றேன். வாபஸ் வாங்கினால் வேதாசலம் சிரிப்பான் என்றார். அதற்குப் பதிலாக வேறு மனு, 21ஆம் தேதி தானே நேரில் கொண்டுவந்து கொடுக்கப் போகிறாராம். இத்தனை ஊருக்கு ஒரே வண்டி வைத்தால் வந்து இறங்குகிற ஆபீசர் எதைத்தான் காப்பாற்றுவார், உடனே இன்னொரு வண்டி வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பக்கம் எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். வாங்கவில்லை. இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது, அதை மட்டும் சர்க்கார் தமிழில் மாற்றாதே என்றார். அப்படியே எழுதினேன்:

"நான் நாலு தபா பண்ணேன். மூணு தபா தப்பாப் பண்ணேன். எம்பொண்ணுக்கு ஒரு தபாதான் குடுத்தாங்க."

இப்படிக்கு,
உன் தங்கை,
இளவரசி