அத்தையோடு போன செயின்

பாப்பாவோட அப்பாவுக்கு,

போன்ல சொன்னா நீங்க அழுறதைக் கேக்கணும், அது என்னால ஆகாது. அதான் உங்க கப்பல்ல வேலைக்கு ஏறப்போற லாசர் அண்ணன் கையில இதைக் கொடுத்தனுப்புதேன்.

அத்தையைத் தங்கச் செயினோட ஏன் அடக்கம் பண்ணுனேன்னு கேட்டுக்கிட்டே இருக்கீக. நான் அதை வித்துட்டேன்னு உங்க தங்கச்சி தாராவி பூரா சொல்லுதா. சொல்லட்டும்.

துறைமுகத்துக் கடையில நீங்க வாங்கிட்டு வந்த செயின் மூணே மாசத்துல கறுத்துப்போச்சு. அத்தை கழுத்தெல்லாம் புண்ணு. கேரண்டி கார்டுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணுனேன்; அந்தக் கடைக்கே நேர்ல வரணுமாம். "எம்மவன் கப்பல்ல கக்கூஸ் கழுவி வாங்குனது, அவன்கிட்ட சொல்லிராத"ன்னு அத்தை என்கிட்ட சத்தியம் வாங்குனாக. தினமும் புளி போட்டுத் தேய்ச்சு, புண்ணு மேலயே மாட்டிக்கிட்டுப் பூசைக்குப் போனாக. சாகும்போதும் கழட்ட விடல.

இப்ப பாப்பா சர்ச்சுல மொத தடவை நற்கருணை வாங்கப்போற புதுநன்மைக்கும் அதே கடையில ஒண்ணு வாங்கிட்டேன்னு மெசேஜ் அனுப்பிருக்கீக. அதனாலதான் சத்தியத்தை மீறுதேன்.

பாப்பாவுக்கு எட்டு வயசு. உங்க அம்மா மாதிரி வலியை மறைக்க அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி