புரட்டாசியில் பூச்சி தின்னும் செடி

செப்டம்பர் 16, செவ்வாய்

நாளைக்குப் புரட்டாசி பிறக்கிறது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாச்சு. முட்டை வாங்காதே என்று மகன் ராஜதுரையிடம் சொல்லியாச்சு. ஆனால் மருமகள் மஞ்சு கல்யாணத்தோடு கொண்டுவந்த இரண்டு செடியை என்ன செய்வது? பூச்சி தின்னும் செடி; இலை நுனியில் தொங்கும் குடுவைத் தண்ணீரில் விழுகிற பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. துளசி மாடத்துக்கு நாலடி தள்ளி அதுபாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு செங்கமலம் எட்டிப் பார்த்து, "சீரு வரிசையிலயே இதுதான் பெருசு போல" என்கிறாள்.

ஒன்றின் பேர் ராஜா. இப்போது டம்ளர் அளவுக் குடுவை. பெரிதானால் இரண்டு சொம்புத் தண்ணீர் பிடிக்குமாம். குளிர்மலைச் செடி என்று மஞ்சு தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, சுற்றி ஐஸ் பாட்டில் அடுக்குகிறாள். இன்னொன்று ட்ரங்காட்டா. சாண் நீளக் குடுவை, இலை நுனி கத்தரித்த மாதிரி. அது சூட்டைத் தாங்குமாம். இதுகளைப் பற்றிக் கேட்டால்தான் அந்தப் பெண் வாயைத் திறக்கிறாள். நான் பேசுவது அதிகமோ?

செப்டம்பர் 20, சனி

முதல் சனிக்கிழமை. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குக் கிளம்புமுன் விளக்குத் திரிப் பஞ்சை உருட்டி எல்லாக் குடுவை வாயையும் அடைத்தேன். இன்று ஒரு நாளாவது எந்த உயிரும் போக வேண்டாம். நல்லதுதானே செய்தேன்?

செப்டம்பர் 21

பஞ்சு உள்ளே இருந்த தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிட்டது. ராஜாவின் ஒரே குடுவை வதங்கிப்போச்சு. மஞ்சு ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். ராஜாவைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் கிளம்பிவிட்டாள்.

"அம்மா வூட்டுல ஏசி இருக்கு அத்தை. இதுக்குக் குளிரு வேணும்."

"எப்பம்மா வருவே?"

"ட்ரங்காட்டாவுக்கு போர் தண்ணி ஊத்திடாதீங்க. சுண்ணாம்புத் தண்ணி. செத்துடும்."

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று.

செப்டம்பர் 24

"செடிக்காகப் போனாளா, என்னாலயாடா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றான் ராஜதுரை.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒரு செடியை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுப்போனால் என்ன அர்த்தம்? வருவாளா, மாட்டாளா?

செப்டம்பர் 27, சனி

மழை. அண்டா வைத்துப் பிடித்தேன். ட்ரங்காட்டாவில் ஒரு இலை நுனி வீங்குகிறது. இன்றும் சனியாச்சே என்று பஞ்சோடு போனேன். குடுவை விளிம்பில் ஒரு எறும்பு. அப்படியே திரும்பி வந்து விளக்கேற்றினேன். நான் பாக்கல, பெருமாளே.

பார்த்தேன்.

செப்டம்பர் 30

போன் போட்டேன். "ராஜா போயிடுச்சு அத்தை."

"என் பஞ்சாலதானே?"

"மலைச்செடி. நம்மூரு சூட்டுக்கு எப்படியும் நின்னுருக்காது."

நிஜமா, ஆறுதலா? அவளே பேசட்டும் என்று சும்மா இருந்தேன். கடைசியில் நானே, ட்ரங்காட்டாவுல புதுக் குடுவை வருது என்றேன்.

"எவ்வளவு பெருசு?"

"சுண்டுவிரல் அத்தனை."

"என்ன தண்ணி?"

"மழைத்தண்ணிதாம்மா."

வைத்துவிட்டாள்.

அக்டோபர் 4, சனி

மத்தியானம் மஞ்சு வந்து இறங்கினாள், கையில் ஒரு சின்னத் தொட்டியோடு. கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் குடுவை.

"ஆம்புலேரியா. பெருசாவாது அத்தை. மேலேருந்து உதிர்ற இலைதான் இதுக்கு முக்கால்வாசி சாப்பாடு. உங்களுக்குன்னுதான் வரவழைச்சேன்."

துளசிக்குப் பக்கத்தில் அவளே வைத்தாள். குனிந்து பார்த்தேன். ஒரு குண்டுக்குள் கொசுப்புழு நெளிந்தது. மீதிக் கால்வாசி என்னம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.