ரீஸ் அண்ணனின் கழுத்து

கம்பம்
19.2.2004

அன்பு மகன் சுந்தரலிங்கத்துக்கு, அம்மா மாயக்காளும் அப்பா சின்னச்சாமியும் மனமார வாழ்த்தி எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் குளிர்தேசத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல உன் தங்கை நாகஜோதி எழுதுகிறேன். அம்மா சொல்வதில் பாதி உன்னைத் திட்டுவதாகவே இருக்கிறது, அதனால் நடந்ததை நானே வரிசைப்படுத்துகிறேன். முதலில் ஒன்று, ரீஸ் அண்ணன் நன்றாக இருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ போனில் எங்களிடம் சொன்னது என்ன? நீ வேலை பார்க்கும் வேல்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கழுத்துப் பயிற்சி செய்ய வருகிற ரக்பி ஆட்டக்காரர், நல்ல சிநேகிதர், கழுத்து கொஞ்சம் சரியில்லை, இரண்டு வாரம் நம் வீட்டில் இருக்கட்டும் என்றாய். அவ்வளவுதான். அவர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. நம் வீட்டு நிலையில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைந்தார். காது இரண்டும் மசித்த சேப்பங்கிழங்கு போல இருந்தன. அம்மா பதறிப்போய், "ஆத்தாடி, யாருய்யா ஒன் காத இப்பிடிச் சிதைச்சது?" என்று தமிழிலேயே கேட்டாள். அப்பா அவர் எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்கச் சொன்னார். நம் பக்கம் கபடி ஆடுகிறவர்கள் போலீசிலோ ரயில்வேயிலோ வேலைக்குப் போய்விடுகிறார்கள் அல்லவா, அந்த நினைப்பு. டிபார்ட்மெண்ட் எதுவும் இல்லை, ஆட்டம்தான் வேலை என்றார். முதலில் உருக்காலையில் இருந்தாராம், தொண்ணூற்றாறில் ஆட்டத்துக்கே சம்பளம் கொடுக்க ஆரம்பித்ததும் அந்த வேலையை விட்டுவிட்டாராம். "நெரந்தர வேலைய விட்டுட்டா? அப்ப முப்பது வயசுக்கு மேல என்னத்தச் செய்வாக?" என்றார் அப்பா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

எட்டுப் பேர் எட்டுப் பேரோடு தலையைக் கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுவார்கள், முன்வரிசையில் நடுவில் நிற்பது அவர் என்று சாதத்தையும் வடையையும் வைத்து எங்களுக்கு விளக்கினார். "கெடா முட்டுல்ல இது! கெடாவுக்காவது கொம்பு இருக்கு" என்றாள் அம்மா. பிரான்ஸ் தேசத்து கிளப் ஒன்று கூப்பிடுகிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று திராட்சைத் தோட்டத்தில் நடக்கும்போது என்னிடம் சொன்னார். நான் பெரிய மனுஷி போல வாழ்த்துகள் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை அப்பா, "தம்பிக்குக் கழுத்து சரியில்லன்னு சுந்தரம் சொன்னான்ல, நம்ம பலவேசத்துகிட்டக் காட்டுனா சுளுக்க ஒரு நிமிசத்துல எடுத்துருவான்" என்று அவரைச் சலூனுக்கு அழைத்துப் போனார். இங்கிலீஷ் பேச நானும் போக வேண்டியதாயிற்று. ரீஸ் அண்ணன் வெறும் சவரத்துக்கு என்றே நினைத்துக்கொண்டு வந்தார். உள்ளே போகக் கூச்சப்பட்டு வாசலில் நின்றேன். பலவேசம் அண்ணன் தாடியை வழித்து, எண்ணெய் வைத்துத் தலையைத் தட்டிவிட்டார். ரீஸ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகத்தான் இருந்தார். பிறகு பலவேசம் அண்ணன் வழக்கம்போல ஒரு கையால் தாடையையும் ஒரு கையால் உச்சந்தலையையும் பிடித்தார், சொடக்கு எடுப்பதற்கு. அண்ணா, அந்த அலறலை நீ கேட்டிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து சின்னப் பிள்ளையின் குரல் வந்தது. ரீஸ் அண்ணன் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தண்ணீர்க் கிண்ணம் விழுந்து உருண்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த கருத்தக்கண்ணன் மாமா, "தொரைக்கு ரொம்பக் கூச்சம் போல" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பலவேசம் அண்ணன் மட்டும், "அண்ணே, நான் இன்னும் திருகவே இல்லண்ணே, தொட்டதுக்கே கத்துறாகளே" என்று வெளிறிப்போய் நின்றார். ரீஸ் அண்ணன் வெளியே வந்து படியில் உட்கார்ந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கால்விரல்களையும் பார்த்தார். அப்போதுதான் என்னிடம் சொன்னார், கழுத்தெலும்பு நசுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது, இன்னொரு முறை அடிபட்டால் கைகால் விழுந்துவிடலாம், இனி ஆடவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், அண்ணா, உனக்கும் அது தெரியும் என்று. நான் அதைத் தமிழில் சொன்னதும் கருத்தக்கண்ணன் மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

தேனிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துப் பார்த்துவிட்டோம், புதிதாகச் சேதம் எதுவும் இல்லை என்றார் டாக்டர். ஆனாலும் அப்பா இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. "விருந்தாளியா வந்த புள்ளைய நானே கூட்டிட்டுப் போயி ஒக்கார வச்சேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மா உன்னிடம் கேட்கச் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "ஏலே, கழுத்து எலும்புன்னு ஒரு வார்த்த சொன்னா வாய்ல முத்தா உதிர்ந்துரும்? அடுத்த வீட்டுப் புள்ளைய முடமாக்கி அனுப்பியிருந்தா அவுக ஆத்தா மொகத்துல நான் எப்பிடிடா முழிப்பேன்?" இதற்கு நீ பதில் எழுதியே ஆக வேண்டும்.

சலூனுக்குப் போன அன்று சாயங்காலம் ரீஸ் அண்ணன் எங்களோடு உட்கார்ந்து பேசினார். எட்டு வருடம் முன்வரிசையில் நின்றும் ஒருநாள்கூடப் பயந்ததில்லையாம். டாக்டர்கள் படத்தைக் காட்டிச் சொன்னபோதும் நம்பவில்லையாம், பிரான்சுக்குச் சரி என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டாராம். இன்று ஒருவர் சும்மா தாடையைத் தொட்டதும் உடம்பே வேண்டாம் என்று கத்திவிட்டது, இனி எந்தத் தைரியத்தில் போய் அந்த வரிசையில் தலையைக் கொடுப்பேன் என்றார். உடனே எழுந்து டெலிபோன் பூத்துக்குப் போய்ப் பிரான்சுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. சனிக்கிழமைதான் ஆட்டமாம். இனிமேல் சனிக்கிழமை மத்தியானம் நான் என்ன செய்வேன் என்று என்னைக் கேட்டார். அம்மாவிடம் சொன்னேன். "நல்லாத் திங்கட்டும், தூங்கட்டும். இங்கன அம்புட்டுப் பேரும் அதத்தான செய்யுறாக" என்றாள் அம்மா. அதைக் கேட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார். அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள், கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.

நாளைக் காலை அவர் மதுரைக்குக் கிளம்புகிறார், இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறோம். ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று உன்னிடம் வாயால் சொல்ல அவரால் முடியாதாம், அதனால் என்னை எழுதச் சொன்னார். நீ படித்து முடித்ததும் அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவர் அங்கே வந்து சேர்ந்ததும் வருகிற முதல் சனிக்கிழமை லீவு போட்டு அவரை உன் அறைக்குக் கூப்பிட்டு, கையிலிருப்பதை வைத்துச் சோறு போடு. ரசம் வைக்க மறக்காதே, இங்கே மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தார். சாமி உன்னை நோயில்லாமல், நல்ல பேரோடு வைத்திருக்கட்டும்.

உன் நலம் வேண்டும்,
அம்மா மாயக்காள், அப்பா சின்னச்சாமி
எழுதியது நாகஜோதி