தெற்குப் பக்கத்து வெயில்

டிசம்பர் 3, சனி

மழை விட்டது. துணி காயவில்லை. மாடியில் சோலார் ஹீட்டர் கண்ணாடி முழுக்க அழுக்கு. சனிக்கிழமைதோறும் துடைப்பது என் வீட்டுக்காரர் வேலை. அக்டோபரில் இவர் போனபின் யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை.

தெற்கு வீட்டு முருகேசன் மாடி கட்டப்போகிறார். தம்பி சொல்கிறான்: "அது எழும்பிச்சுன்னா மார்கழி, தை வெயில் உனக்கு கிடையாதுக்கா. சோலார் வேஸ்ட். அவர் இடமே விடாம கட்றாரு, பஞ்சாயத்துல ஆட்சேபணை எழுதிக் குடு."

எழுதினேன். வாங்க வேண்டியது: சோப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய்.

டிசம்பர் 6, செவ்வாய்

பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டேன். பஞ்சாயத்து ஆபீஸ். கிளார்க் மனுவைப் படித்தார்.

"காத்து, வெளிச்சத்துக்கு இடம் விடணும்னு ரூல் கீதும்மா. சோலாருக்கு வெயில் விடணும்னு எந்த ரூலும் கிடையாது."

"அவர் அந்த இடமும் விடலையே சார்?"

"விடலதான். அளக்க வந்தா உங்க வூட்டையும் அளப்போம். உங்க படிக்கட்டு காம்பவுண்டு சுவத்த ஒட்டிகினுதானே கீது?"

ஆமாம். "படிக்கட்டெல்லாம் எவன் பாக்கப்போறான்" என்று இவர் கட்டியது. மனுவைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். கோபம்கூட வரவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

டிசம்பர் 8, வியாழன்

முருகேசன் வந்தார்.

"கோச்சுக்காதீங்கக்கா. பொண்ணு கல்யாணத்துக்குள்ள மாடி முடியணும். சார் இருந்திருந்தா என்னாண்ட மல்லுக்கு நின்னிருப்பாரு."

இவர் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவர் முருகேசன். மழையில், செருப்பில்லாமல்.

"முடிஞ்சதும் உங்க சோலாரை எங்க மாடி மேல ஏத்திடலாம். பைப்பு நான் இழுத்துத் தரேன்."

சரி என்றேன். எதற்கும் சரிதான் சொல்கிறேன் இப்போது. மனுவைக் கிழித்தேன். சாம்பார் மீதி.

அழுகை வந்தால் தேவலை.

டிசம்பர் 11, ஞாயிறு

நல்ல வெயில். சர்ச்சிலிருந்து வந்தால் தெற்கு வீட்டு வாசலில் செங்கல் லாரி. இனி எத்தனை நாள் வெயிலோ. பழைய பனியனை நனைத்து மாடி ஏறிக் கண்ணாடியைத் துடைத்தேன். இவர் பனியன்.

சாயங்காலம் குளிக்கப் போய்க் குழாயைத் திறந்தேன். கை சுட்டது. துடைத்த நாளெல்லாம் மாடியிலிருந்து இவர் கத்துவார், "சூடா வருதா?" என்று. நான் பெரும்பாலும் பதில் சொன்னதில்லை.

"வருதுங்க" என்றேன். சத்தமாக. பிறகு இன்னும் சத்தமாக. செங்கல் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார்கள்.