லமீஸை எட்டாத மடல்கள்

மார்ச் 4
ஜெனரேட்டருக்கு மாறும்போது மின்சாரம் எகிறி, என் வீட்டு சர்வரின் பவர் சப்ளை கருகிவிட்டது. கீழே போய், தெருவுக்கே மின்சாரம் விற்கும் ஜெனரேட்டர்காரர் அபு ரமீஸிடம் கத்தினேன். "மதாம் ஹியாம், தெருவுல எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜும் சும்மா இருக்கு. உங்க பெட்டி மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி கோவிச்சுக்குதே!" என்றார். என் மின்னஞ்சல் முழுவதும் அந்தப் பெட்டியில்தான். எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டாம் என்று நானே அமைத்தது.

மார்ச் 9
தலைநகர் பெய்ரூட்டிலிருந்து உதிரி பாகம் இன்னும் வரவில்லை. மகள் லமீஸ் பிரான்ஸில் லியோனிலிருந்து போனில் பேசினாள். "என்கூட வந்துடும்மா. திரிப்போலில யாருக்காக உக்காந்திருக்க?" 

"உனக்கு வேலைக்காரி வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். பட்டென்று வைத்துவிட்டாள். மகளிடம் பேசுகிற பேச்சா அது?

மார்ச் 19
சர்வர் ஓடுகிறது. முதல் மடல் லமீஸுக்கு — மன்னித்துக்கொள் என்று மட்டும்.

மார்ச் 24
பதில் இல்லை.

மார்ச் 30
மறுபடி எழுதினேன். அந்தப் பக்கம் ஏற்றுக்கொண்டதாகத்தான் சர்வர் பதிவு சொல்கிறது. படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாளா? நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. தண்ணீர் குடித்தேன். பகல் முழுக்க யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை.

ஏப்ரல் 3
மாடிவீட்டு நுஹாத் நோன்புக்கால இனிப்பான கதாயிஃப் கொண்டுவந்தாள். சோதித்துப் பார்க்க அவளுக்கு ஒரு மடல் அனுப்பினேன். "வரலையே... இரு, குப்பையில கெடக்கு! லாட்டரிக்காரனுக்கும் வழுக்கைக்கு மருந்து விக்கிறவனுக்கும் நடுவுல நீ!" விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. லமீஸுக்குப் போனவையும் இப்படித்தான் கிடக்கின்றனவா? 

அவள் போனபின் தேடிப் பார்த்தேன். பழுதுக்குப் பிறகு என் இணைய இணைப்புக்குப் புது முகவரி எண் விழுந்திருக்கிறது. முன்பு அதை வைத்திருந்தவன் குப்பை மடல் அனுப்பியவன். அவன் கெட்ட பெயர் இப்போது என் தலையில்.

ஏப்ரல் 4
இணைய நிறுவனத்துக்கு போன் செய்தேன். "வேற நம்பர்லாம் தர முடியாது மதாம். எல்லாரையும் போல இலவச ஈமெயில் முகவரி ஒண்ணு வெச்சுக்கோங்களேன்." 

லமீஸையே கூப்பிட்டுவிடலாம். பயமா இருக்கு. எடுக்கலைன்னா?

ஏப்ரல் 5
எடுத்தாள். "சண்டை போட்ட அன்னைக்கே உனக்கு எழுதினேம்மா. போகாம திரும்பி வந்துடுச்சு. நீ என்னை பிளாக் பண்ணிட்டன்னு நெனச்சேன்." 

பெட்டி செத்துக் கிடந்த நாட்கள்! 

"பைத்தியமே, போன் பண்ண வேண்டியதுதானே?" 

"நீ பண்ணினியா?" 

அவள் தன் குப்பையைத் திறந்து என் இரண்டு மடல்களையும் தேடி எடுத்தாள். அதுவரை இருவரும் போனை வைக்கவில்லை.

மே 12
லமீஸ் தன் வீட்டில் சின்னதாக ஒரு சர்வர் வைத்திருக்கிறாள். அதன் எண்ணுக்குக் கெட்ட பெயர் இல்லை; என் மடல்கள் அதன் வழியாகப் போகின்றன. இங்கே மின்சாரம் இல்லாதபோது எனக்கு வருபவை அங்கே காத்திருக்கின்றன. 

மதியம் போன மின்சாரம் மாலையில்தான் வந்தது. கூடவே அவளிடமிருந்து ஒரு வரி: "என்ன சமைச்ச?" 

ஒன்றும் சமைக்கவில்லை. எழுந்து போய் ஒரு கத்தரிக்காயை அடுப்பில் சுட வைத்துவிட்டு வந்துதான் பதில் எழுதினேன்.