உன் சைக்கிளுக்குப் போட்ட புது சீட்டு

என் ஆசை மச்சான்,

சிரிக்காமல் கேள். உன் சைக்கிள் சீட்டை உடைத்தது நான்தான். திருவிடந்தை பஸ் ஸ்டாப்பில், மீன்கூடையோடு நின்ற பெண்கள் எல்லோரும் பார்க்க, கடக் என்று ஒரு சத்தம். சீட்டு பின்பக்கமாய்ச் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். தூக்கிவிட வந்தவர்கள் முதலில் சைக்கிளைத்தான் தூக்கினார்கள்.

நீ இருந்தவரைக்கும் யாருக்கும் தராத சைக்கிள். நீ போன பிறகு என் தங்கச்சி மல்லிகாதான் அதில் ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போய்வந்தாள். நான் ஒரு டீ குடிக்கத்தான் எடுத்தேன்.

சீட்டைக் கழற்றிச் செங்கல்பட்டுவரைக்கும் கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பிரிங் முறிந்துவிட்டது, தோலும் கிழிந்துவிட்டது, வெல்டிங் வைத்தால் உட்காருகிறவருக்குத் தினமும் ஊசி போட்டமாதிரி இருக்கும் என்றார். புதுசு வாங்கி மாட்டினேன். அகலமாக, மெத்தைமாதிரி. நீ பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பாய்.

மல்லிகா அதைத் தொடவே இல்லை. "அவரு குந்திக் குந்திக் குழி வுழுந்த சீட்டுண்ணா அது. அத்த எட்த்துட்டு இன்னாத்தையோ மாட்டிக்கினு வந்து குந்துன்றியே" என்றாள்.

மறுநாளிலிருந்து நடந்தே போனாள், அந்த முட்டி வலியோடு. தினமும் லேட். இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். என் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றால், இந்த வீட்டில் நீ உடைக்காத பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் பழைய சீட்டு இப்போது உன் படத்துக்குக் கீழே இருக்கிறது. வெள்ளிக்கிழமையானால் அதற்கும் பொட்டு. கும்பிடும்போது முகத்தைப் பார்ப்பதா, சீட்டைப் பார்ப்பதா மச்சான்?

கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டேன். "மச்சான் இருந்தா உன்ன நட்க்க வுடுவாரா?"

அவள் பீரோவைத் திறந்தாள். தீபாவளிக்கு வாங்கி ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல் போய்விட்டாயே, அந்த நீலக் கட்டம் போட்ட லுங்கி, அதை எடுத்து வெட்டினாள். மிஷினில் உட்கார்ந்து, எலாஸ்டிக் வைத்து, புது சீட்டுக்கு உறை தைத்தாள். மாட்டி, ஒரு தட்டு தட்டினாள்.

"இப்பத்தான் இது அவரு சைக்கிள்" என்றாள். ஏறினாள், போய்விட்டாள். அவள் தலை மறைகிறவரைக்கும் நான் தெருவிலேயே நின்றேன். நீ பார்த்தாயா?

இனி உன் சைக்கிளில் நான் ஏறமாட்டேன். அவளை நடக்கவும் விடமாட்டேன். உன்மேல் சத்தியம்.

அன்றைக்கு மல்லிகா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். வழியில் லேசாக ஒரு தூறல். ரிசார்ட்டில் யூனிஃபார்ம் வெள்ளைப் புடவை. துவைக்காத லுங்கி என்பது சாயங்காலம் அவள் வீட்டுக்குள் திரும்பி நடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. புடவையின் பின்பக்கம் நீலக் கட்டம் ஒன்றுகூடக் கலையாமல் பதிந்திருந்தது.

இப்படிக்கு,
உன் பொண்டாட்டிக்கு அண்ணனாய்ப் பிறந்த பாவத்துக்கு உனக்கு வாய்த்த மச்சான்,
சேகர்